செம்பெருமீனின் தூசுப் போர்வையை இரண்டு எண்களில் அறிதல்

முதிர்ந்த செம்பெருமீன் (வயதாகிப் பருத்துச் சிவந்த விண்மீன்) விரிந்து சுருங்கித் துடிக்கும்போது அதன் மேலடுக்கு வளிமம் உயர எழும்பிக் குளிர்கிறது. அங்கே உறையும் தூசியை விண்மீனின் ஒளி வெளியே தள்ள, தூசி வளிமத்தையும் இழுத்துச் செல்கிறது. அத்தூசி விழுங்கிய ஒளி அகச்சிவப்பாகத் திரும்ப வெளிப்படுவதால், 12, 25 மைக்ரான் அலைநீளங்களில் எடுத்த அளவுகள் இரண்டே நிறை இழப்பைக் காட்டிக்கொடுக்கும்.

1983இல் அகச்சிவப்பில் வானை அளந்த ஐராஸ் செயற்கைக்கோளின் புள்ளி மூலப் பட்டியலை (புள்ளியாகத் தெரியும் விண்பொருள்களின் பட்டியல்) விசியர் என்ற வானியல் பட்டியல் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வரிகள் இருப்பதால், விரிதாளை விட்டுவிட்டு, பெரிய அட்டவணைகளைக் கையாளும் டாப்கேட் மென்பொருளையே பயன்படுத்துங்கள். இந்த இரண்டு அளவுகளில் எதற்கேனும் தர எண் 1 உள்ள வரிகளை நீக்கிவிட வேண்டும். அவை உச்சவரம்புகளே அன்றி அளவீடுகள் அல்ல.

அடுத்து, 25 மைக்ரான் பாயத்தை (நம்மை வந்தடையும் ஒளியின் அளவு) 12 மைக்ரான் பாயத்தால் வகுத்து, பத்தடிமான மடக்கை எடுத்து, 2.5ஆல் பெருக்குங்கள்; கிடைக்கும் எண்ணையே நிறம் என்கிறோம். இந்தப் படியில்தான் நான் இரண்டு நாள் தடுமாறினேன். தூசியற்ற விண்மீன்கள் சுழியத்தில் நிற்கும் என்று படித்திருந்தேன். என் வரைபடத்திலோ அவை −1.56ஐ ஒட்டிக் குவிந்திருந்தன. தரவிலும் கணக்கிலும் பிழையில்லை, சுழியத்தை வைக்கும் முறைகள்தாம் இரண்டு. வேகா விண்மீனைச் சுழியமாகக் கொள்வோர், 12 மைக்ரானுக்கு 28.3 ஜான்ஸ்கி (பாயத்தின் அலகு), 25 மைக்ரானுக்கு 6.73 ஜான்ஸ்கி என்று தொடக்க அளவு வைப்பதால் விடையோடு 1.56 கூடிவிடுகிறது; 1988இல் வான் டெர் வீன், ஹாபிங் என்ற வானியலாளர்கள் வகுத்த இருநிற வரைபடமோ (இரண்டு நிறங்களை இரு அச்சுகளில் வைப்பது) அதைக் கூட்டுவதில்லை. ஆகவே எந்த வரைபடத்தோடு ஒப்பிடப்போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சிம்மக் குழுவிலுள்ள சிடபிள்யூ லியோனிஸ் என்ற கரிம விண்மீனில் (கரிமம் மிகுந்த செம்பெருமீன்) இதைச் சரிபார்க்கலாம். அதன் பாயங்கள் ஏறத்தாழ 47,500, 23,100 ஜான்ஸ்கி, விடை −0.78, வேகாவைச் சுழியமாகக் கொள்ளும் முறையில் +0.78. தூசியற்ற விண்மீனிலிருந்து இவ்வளவு விலகி நிற்பது, ஆண்டுதோறும் சூரிய நிறையில் இலட்சத்தில் ஒன்றிரண்டு பங்கை இழக்கும் விண்மீனுக்குப் பொருந்துவதே.

பின்சேர்க்கை: ஐராஸ் அளவோடு, பின்னாளில் தரையிலிருந்து எடுத்த டூமாஸ் அகச்சிவப்பு வான் கணக்கெடுப்பின் 2.2 மைக்ரான் அளவைச் சேர்த்தபோது நிறம் பொருந்தவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சிடபிள்யூ லியோனிஸ் ஏறத்தாழ 630 நாளுக்கு ஒருமுறை ஒளி ஏறி இறங்குவது. இரண்டு அளவீடுகளுக்கும் இடையிலோ பல ஆண்டுகள் கடந்துவிட்டன. ஐராஸின் 12, 25 மைக்ரான் அளவுகள் ஒரே வருடலில் எடுக்கப்பட்டவை என்பதால்தான் அவற்றை அச்சமின்றி வகுக்கிறோம். வேறு பட்டியலைச் சேர்ப்பதானால், துடிப்பின் எந்தக் கட்டத்தில் அது அளக்கப்பட்டது என்பதையும் ஒரு நிரலாகக் குறித்துவையுங்கள்.