சங்கப் பணத்துக்குப் பதில் சொல்ல

பினாங்கில் தொண்டு அமைப்பு நடத்துகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, பணம் யார் பெயருக்கு வருகிறது என்பதைத்தான். கைப்பேசியில் ஸ்கேன் செய்து பணம் அனுப்பும் டூயிட்நவ் கியூஆர் குறியீடு பொருளாளரின் சொந்தக் கணக்கில் இருந்தால் இன்றே மாற்றுங்கள், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சரி. வீட்டுச் செலவும் நன்கொடையும் கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

காசோலைக்கு இரண்டு கையொப்பம் வேண்டும்; இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. ரசீதுப் புத்தகத்தில் எண் விடுபடவே கூடாது. தப்பாக எழுதிய தாளைக் கிழித்துப் போடாமல், குறுக்கே ‘ரத்து’ என்று எழுதி அடிக்கட்டையோடு சேர்த்துப் பின் அடியுங்கள். கடையில் தரும் வழவழப்பான ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே நகலெடுத்து, எதற்கு வாங்கியது என்று அதன் மேலேயே எழுதுங்கள்.

மலேசியாவின் 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். அது மட்டும் போதாது. பட்டர்வொர்த்தில் டியூஷன் நடத்துகிறீர்கள் என்றால், வரவு செலவை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிப் பெற்றோரிடமும் கொடுங்கள். பணம் தருகிறவர் தானாகக் கேட்பார். உதவி பெறுகிறவர் தயங்குவார். அதனால் கூட்டத்தில் கேள்வி நேரத்தைச் சாப்பாட்டுக்கு முன்பே வையுங்கள்.