தாங்கியில் ஸ்மோக்கர் செய்யப் போகிறீர்களா? மூடியை வெட்டுவதற்கு முதல் இதை வாசியுங்கள்

வெளிநாட்டுச் சொந்தங்கள் ஆடி, ஆவணியில் வந்து இறங்கினால் முற்றத்தில் கோழி வாட்டுவது வன்னியில் இப்போது வழமையாகிவிட்டது. பத்துப் பேருக்கு அரைப் பரல் அடுப்புக் காணும். நூறு பேருக்கு வாட்ட வேண்டி வரும்போதுதான் பழைய இரும்புக்கடையில் கிடக்கும் தாங்கியில் கண் விழுகிறது. அதில் ஸ்மோக்கர் செய்யலாம் என்று தோன்றும். பக்கத்தில் ஒட்டிய நெருப்புப் பெட்டியில் விறகெரித்து, தாங்கிக்குள் ஓடும் சூட்டிலும் புகையிலும் இறைச்சியை மெதுவாக வேகவைக்கும் அடுப்புத்தான் ஸ்மோக்கர். தாங்கி வாங்கிய ஒருவர், கிரைண்டர் வைத்திருக்கும் ஒரு தம்பி, யூடியூப்பில் பார்த்த ஒரு படம். இந்த மூன்றும் சேர்ந்தால் அதே பிழைகள் அதே ஒழுங்கில் வரும். கண்ணாடி போடாமல் கிரைண்டர் பிடிப்பது, அளக்காமல் வெட்டுவது எல்லாம் இங்கே இல்லை. அவை பிழை என்று எல்லாருக்கும் தெரியும், தெரிந்துகொண்டேதான் செய்கிறார்கள்.

கீழே வரும் அளவுகள் 24 அங்குல விட்டமும் 5 அடி நீளமும் 5 முதல் 6 மி.மீ. தடிப்பும் உள்ள தாங்கிக்கானவை. அதன் கொள்ளளவு ஏறக்குறைய 445 லீற்றர்.

உள்ளே என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்குவது

உயிர் போகிற பிழை இதுதான். பெற்றோல் தாங்கிக்குப் பயப்படுகிறவர்கள் டீசல் தாங்கி என்றால் அலட்சியமாக இருப்பார்கள். "டீசல் பத்தாது அண்ணை" என்று ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லவும் செய்வார். குளிர்ந்த டீசல் இலகுவில் பற்றாது என்பது உண்மை. ஆனால் தகட்டில் ஒட்டியிருக்கும் டீசல் படலம், வெட்டும் சூட்டில் ஆவியாகும். மூடிய தாங்கிக்குள் அந்த ஆவிக்கு ஒரு தீப்பொறி போதும். சமையல் வாயு காற்றை விடப் பாரமானது. வால்வைத் திறந்துவிட்டால் எல்லாம் போய்விடும் என்று நினைக்கக் கூடாது, அடியில் தேங்கி நிற்கும். அதைவிட, பாவனையில் உள்ள வாயு சிலிண்டர் கம்பனியின் சொத்து. அதில் கை வைக்கவே வேண்டாம்.

எரிபொருள் இருந்த தாங்கியை எடுத்தே ஆகவேண்டும் என்றால் வால்வுகளைக் கழற்றி, சவர்க்காரத் தூளும் சுடுதண்ணீரும் விட்டுப் பலமுறை அலசி, பிறகு வாய்வரை தண்ணீர் நிரப்புங்கள். முதல் வெட்டு விழும்போது தண்ணீர் மட்டம் வெட்டுக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரைக்கும் நிற்க வேண்டும், அதற்கு மேலே உள்ள வெற்றிடம் ஆகக் குறைவாக இருக்க வேண்டும். தண்ணீரோடு தாங்கி அரைத் தொன்னுக்கு மேல் நிற்கும், உருளாமல் முண்டு கொடுங்கள். இவ்வளவு சிரமம் எதற்கு? கழித்த கொம்பிரசர் தாங்கி கிடைத்தால் அதுவே நல்லது. அதற்குள் இருப்பது கொஞ்ச எண்ணெயும் கறளும்தான். அதையும் கழுவி, வால்வைக் கழற்றிவிட்டே வெட்டுங்கள்.

கிருமிநாசினி கலந்த தாங்கியை எந்தக் கழுவலும் சமையலுக்கு ஏற்றதாக்காது. பற்றைக்குள் கிடக்கும் தாங்கியை, மிதிவெடி அகற்றி முடித்த காணி என்று உறுதியாகத் தெரியாமல் இழுத்து வரப் போகாதீர்கள்.

200 லீற்றர் பரலை "பெரிய ஸ்மோக்கர்" ஆக்குவது

தகடு ஒரு மி.மீ. சொச்சம். சூடு நிற்காது, இரண்டு மாரியில் ஓட்டை.

மூடியின் நாலு பக்கத்தையும் ஒரேயடியாக வெட்டுவது

எத்தனை தரம் சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும், ஏனென்றால் தவிர்க்க ஒரு சதமும் செலவில்லை.

நடப்பது இப்படி. சோக்கட்டியால் நீள்சதுரம் கீறுவார்கள். மேல்கோடு, கீழ்க்கோடு, இரண்டு பக்கம் என்று ஒரே மூச்சில் வெட்டுவார்கள். கடைசி அங்குலம் அறுபட்டதும் மூடி "டங்" என்று விழும். 44 அங்குல நீளமும் 18 அங்குல அகலமும் உள்ள 6 மி.மீ. துண்டு 24 கிலோ இருக்கும், கால்விரலில் விழுந்தால் விரல் மிஞ்சாது. கால் தப்பியது என்று வைத்துக்கொள்வோம். மூடியைத் தூக்கித் திரும்ப வைத்துப் பார்ப்பார்கள். நடு பொருந்தும், மூலைகள் தூக்கி நிற்கும். ஒரு மூலையைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் எதிர்மூலை எழும்பும். அன்றைக்குப் பின்னேரம் முழுக்க அந்தக் கூத்துத்தான்.

காரணம் தகட்டுக்குள்ளே இருக்கிறது. தட்டைத் தகட்டை உருளையில் விட்டு வளைத்து, நீளவாக்கில் ஒட்டித்தான் (வெல்டிங்) தாங்கி செய்கிறார்கள். வளைத்த தகடு பழையபடி நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்கும். வட்டம் முழுசாக இருக்கும்வரை ஒரு பகுதி மற்றதைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு துண்டை விடுவித்தால் அது தன்பாட்டுக்கு விரியும், சிலவேளை சுருங்கும். வாய் திறந்த தாங்கியும் கொஞ்சம் அசையும். எந்தப் பக்கம், எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல ஏலாது. காஸ் வெட்டியால் வெட்டியிருந்தால் விளிம்பு சூடேறி ஆறும்போது இன்னும் முறுக்கும், வெட்டின் அகலமும் மூன்று நாலு மி.மீ. ஆகிவிடும். கிரைண்டரில் 1 மி.மீ. டிஸ்க் போட்டு வெட்டினால் இடைவெளி ஒன்றரை மி.மீற்றருக்குள் நிற்கும்.

பிணைச்சலை முதலில் ஒட்டிவிட்டால் மூடிக்குத் தன்பாட்டுக்குப் போக இடமில்லை. ஒழுங்கு இது:

கீழ்க்கோடு தாங்கியின் நடுமட்டத்துக்கு ஒரு அங்குலம் மேலே வரட்டும். இறைச்சித் தட்டு நடுமட்டத்தில்தான் இருக்கப் போகிறது, அதற்குக் கீழே வாய் திறந்தால் கொழுப்பு முற்றத்துக்கு வடியும். மேல்கோடு உச்சிக்குச் சற்றுக் கீழே. இரண்டு முனையிலும் 8 அங்குலம் விடுங்கள், முனைக்கிட்ட உள்ள அந்த வளையம்தான் தாங்கியின் வடிவத்தைப் பிடிக்கிறது.

முதலில் மேல்கோட்டை மட்டும் வெட்டுங்கள். உடனே கேற்றுக்குப் போடுகிற குழல் பிணைச்சல் மூன்றை, பாதி உடம்பிலும் பாதி மூடியிலுமாக ஒட்டுங்கள். மூன்றின் ஊசியும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மூன்றுக்கும் ஊடாக ஒரு நேர்க்கம்பியைச் செருகி வைத்து ஒட்டினால் கோணாது. ஒன்று சற்று விலகினாலும் மூடி பாதியில் இறுகும்.

அடுத்து இரண்டு பக்கமும், பிறகு கீழ்க்கோடு. ஆனால் கீழ் மூலைகள் இரண்டிலும் ஒவ்வொரு அங்குலம் வெட்டாமல் விடுங்கள். மூடி இன்னும் உடம்போடுதான் இருக்கிறது. இந்த நிலையில் ஒன்றரை அங்குலப் பட்டைக் கம்பியை வெட்டுக் கோட்டின் மேல், பாதி மூடியிலும் பாதி உடம்பிலும் படும்படி வைத்து, மூடிப் பக்கம் மட்டும் ஒட்டுங்கள். பக்கப் பட்டைகளைத் தாங்கியின் மேலேயே வைத்துத் தட்டி வளைத்தெடுக்கலாம். மூலைகளை மறைக்காமல் பட்டையை முன்னுக்கே நிறுத்துங்கள். எல்லாம் ஆறியபின் அந்த இரண்டு மூலையையும் அறுங்கள். மூடி கொஞ்சம் நெளிந்தாலும் பட்டை அந்த இடைவெளியை மூடும்.

இந்த ஒழுங்கைச் சரியாகச் செய்துவிட்டு, பட்டையை ஒட்டும்போது கெடுப்பவர்களும் உண்டு. நீளத்துக்கு ஒரே இழுவையாக ஒட்டினால் ஒட்டு ஆறிச் சுருங்கி மூடியையே வில்லாக்கும். ஒரு அங்குலம் ஒட்டி, மூன்று நாலு அங்குலம் விட்டு, மறுமுனைக்குப் போய் ஒரு அங்குலம். 2.5 மி.மீ. 6013 வெல்டிங் ரொட் இதற்குப் போதும். சூடு தணிய இடம்விட்டு ஒட்டுங்கள், அவசரமென்றால் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

ஏற்கெனவே வெட்டி விழுத்தியாயிற்றா? இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி என்றால் அடுப்புக் கதவுக்குப் போடும் கண்ணாடி நார்க் கயிறு அடைக்கும். அதற்கு மேல் என்றால் மூடியை இழுத்துப் பிடித்து, உள்பக்கம் வளைத்த கம்பியை விலா எலும்பு மாதிரி ஒட்டித்தான் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். சீமெந்தும் களியும் பூசுவது வீண். முதல் சூட்டிலேயே வெடித்து இறைச்சிக்குள் விழும். புதுத் துண்டு உருட்டுவதென்றால் உருளை இயந்திரம் உள்ள பட்டறையைத் தேடிப் போக வேண்டும். அந்தக் காசுக்கு இன்னொரு பழைய தாங்கி வாங்கிவிடலாம்.

நெருப்புப் பெட்டியைச் சின்னதாகக் கட்டுவது

"சின்னப் பெட்டி என்றால் விறகு மிச்சம்" என்ற கணக்கு இங்கே தலைகீழ். நெருப்புப் பெட்டி சமைக்கும் தாங்கியின் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். நம் தாங்கிக்கு 21 அங்குலச் சதுரப் பெட்டி, 6 மி.மீ. தகட்டில். பெட்டிக்கும் தாங்கிக்கும் இடையிலான வாய் 72 சதுர அங்குலம். காற்று நுழையும் துவாரம் 27 சதுர அங்குலம், 4 அங்குல விட்டத்தில் இரண்டு போட்டால் கிட்டத்தட்டச் சரி. புகைபோக்கி 6 அங்குலக் குழாய், இரண்டரை அடி, பெட்டிக்கு எதிர்முனையில்.

இந்த நாலில் எது சுருங்கினாலும் இழுவை குறையும். விறகு எரியாமல் புகையும், தடித்த வெள்ளைப் புகை இறைச்சியில் கீல்போலப் படிந்து கைக்கும். நல்ல நெருப்பின் புகை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலமாக இருக்கும். புகைபோக்கியைத் தாங்கியின் உச்சியில் நட்டால் சூடு மேலாலேயே ஓடிவிடும், அதன் வாய் இறைச்சித் தட்டின் மட்டத்தில் இருக்கட்டும். பெட்டி வாய்க்கு முன்னால் சரித்த தகடு ஒன்றும் வேண்டும். இல்லாவிட்டால் பெட்டிப் பக்கத்துக் கோழி கருகும்போது மறுமுனைக் கோழியில் இரத்தம் நிற்கும்.

சோளகக் காற்று நாட்களில் காற்றுத் துவாரம் தென்மேற்கைப் பார்த்தால் நெருப்பு உங்கள் சொல் கேட்காது. திருப்பி வையுங்கள்.

ஜி.ஐ. குழாயில் புகைபோக்கி

வேண்டாம். ஜி.ஐ. என்றால் நாகம் பூசிய இரும்பு. ஒட்டும்போது எழும் வெள்ளைப் புகை நாகப் புகை, அன்றிரவே குளிர்காய்ச்சல் தரும். கறுப்பு இரும்புக் குழாய் கேளுங்கள். இறைச்சித் தட்டுக்கு நாகம் பூசிய வலையும் அதே கதை.

நிறையை மறப்பது

தாங்கி 140 முதல் 165 கிலோ, நெருப்புப் பெட்டி 80, காலும் தட்டும் சேர்ந்தால் 300 கிலோவுக்குக் கிட்ட. சின்ன உருளைச் சில்லு முல்லைத்தீவு மணலில் அச்சுவரை புதையும். பழைய வாகனச் சில்லும் அச்சும் போடுங்கள். கால் குழாயின் இரண்டு முனையையும் அடைத்து ஒட்டுவதென்றால் ஒரு சின்னத் துளை விடுங்கள், அடைபட்ட காற்று சூடேறினால் வழி தேடும்.

வெப்பமானியை மூடியின் உச்சியில் பதிப்பது

அது காட்டுவது கூரையின் சூடு. இறைச்சித் தட்டு மட்டத்தில் பதியுங்கள், அங்கே 110 முதல் 135 பாகை செல்சியஸ் வேண்டும். கோழிக்கு உள்சூடு 74 வந்தே ஆகவேண்டும். பன்றித் தோள் பிய்த்தெடுக்கும் பதத்துக்கு 93 முதல் 95.

கொழுப்புக்கு வழி விடாதது

அடியில் ஒரு அங்குலக் குழாயும் அதற்கு ஒரு வால்வும். நெருப்புப் பெட்டிக்கு எதிர்ப்பக்கம் அரை அங்குலம் சரித்து வையுங்கள். கொழுப்பு பெட்டிப் பக்கம் ஓடினால் தீப்பிடிக்கும்.

கையில் கிடைத்த விறகு

மா, கொய்யா, புளி, தோடை. காய்ந்தது, ஆறு மாதமாவது நிழலில் கிடந்தது. மாரியில் கூரைக்குக் கீழே. வேம்பு கைக்கும். அலரி நஞ்சு, தில்லையின் பாலும் புகையும் கண்ணைக் கெடுக்கும். பழைய ரயில் சிலிப்பர் கட்டை நன்றாக எரிகிறது என்று சொல்பவர்கள் உண்டு. எரிவது அதில் ஊறிய கிரியோசோட் என்ற கீல் எண்ணெயும்தான். அந்தப் புகை சாப்பாட்டில் படவே கூடாது. காட்டுப் பாலை நல்ல விறகுதான், ஆனால் அனுமதி இல்லாமல் வெட்டி ஏற்றினால் வழியில் மறிப்பார்கள்.

முதல் நெருப்பிலேயே இறைச்சி வைப்பது

உள்ளே இருக்கும் பழைய பெயின்ற்றை முதலில் அகற்றுங்கள். பிறகு தேங்காய் எண்ணெயை மெல்லிய படலமாகத் துடைத்துவிட்டு, மூன்று மணித்தியாலம் 120 முதல் 150 பாகையில் வெறுமனே எரியுங்கள். தடிப்பாகப் பூசினால் பிசுபிசுத்து உரியும். ஆறியபின் இருட்டில் உள்ளே ரோச் ஒன்றை வைத்து மூடிப் பாருங்கள், வெளிச்சம் கசியும் இடமெல்லாம் புகை கசியும். அடுத்த நெருப்பில் தட்டின் நீளத்துக்குப் பாண் துண்டுகளை அடுக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். எந்தத் துண்டு முதலில் கருகுகிறதோ அங்கேதான் சூடு குவிகிறது. சரித்த தகட்டை ஒவ்வொரு அங்குலமாக நகர்த்தி, எல்லாப் பாணும் ஒரே நிறத்துக்கு வரும்வரை திரும்பச் செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் தகட்டை நிரந்தரமாக ஒட்ட வேண்டும்.