மணிக்கு 1000 லிட்டர் கிணற்று நீருக்கு ஓசோன் அமைப்பது எப்படி

முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இரும்பு, மாங்கனீஸ், புரோமைடு அளவு தெரியாமல் ஓசோன் உற்பத்தி செய்யும் ஜெனரேட்டரை வாங்காதீர்கள். 1 மி.கி. இரும்பு 0.43 மி.கி. ஓசோனைத் தின்றுவிடும், 1 மி.கி. மாங்கனீஸ் 0.88 மி.கி. தின்னும். மிஞ்சுவதுதான் கிருமிக்கு. புரோமைடு இருந்தால் புரோமேட் என்ற கெடுதலான பொருள் உருவாகும். அது லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. கடலோரக் கிணறு என்றால் இந்தச் சோதனையை விடவே கூடாது.

லிட்டருக்கு 2 மி.கி. வீதம் மணிக்கு 2 கிராம் ஓசோன் வேண்டும். வெஞ்சுரியிலும் (ஓடும் நீரே வாயுவை உறிஞ்சிக் கலக்கும் ஒடுக்கமான குழாய்) ஓசோன் முழுதாகக் கரையாது என்பதால் 3 கிராம் மெஷினாக எடுங்கள். உள்ளே போகும் காற்று நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரக்காற்று புகுந்தால் உற்பத்தி சரியும், நைட்ரிக் அமிலம் உருவாகி உள்பாகங்களை அரிக்கும். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைப்பது மேல்.

பலர் கோட்டை விடுவது தொட்டியில்தான். தொட்டியிலிருந்து நீர் வெளியேறும் வாயிலில் லிட்டருக்கு 0.4 மி.கி. ஓசோன் மிச்சம், 4 நிமிடத் தொடர்பு என்பது இலக்கு. 4 நிமிட ஓட்டம் 67 லிட்டர்தானே என்று ஒரு டிரம்மை வைத்துவிடுகிறார்கள். தடுப்பில்லாத டிரம்மில் ஒரு பகுதி நீர் குறுக்கே ஓடி உடனே வெளியேறிவிடும். ஒடுக்கமான, உயரமான மூன்று தொட்டிகளை வரிசையாக இணையுங்கள். மொத்தக் கொள்ளளவு 200 லிட்டருக்குக் குறைய வேண்டாம். ஒவ்வொன்றிலும் நீர் மேலே நுழைந்து கீழே வெளியேறட்டும். அதன் பிறகே மணல் ஃபில்டரும் கார்பன் ஃபில்டரும். ஓசோன் பட்டதும் இரும்பு துருவாகத் திரளும், அதை மணல் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் இளஞ்சிவப்பாக வந்தால் ஓசோன் அதிகமாகி மாங்கனீஸ் பெர்மாங்கனேட்டாகிவிட்டது, அளவைக் குறையுங்கள்.

ஜெனரேட்டருக்கும் வெஞ்சுரிக்கும் நடுவே ஓசோன் தாங்கும் என்.ஆர்.வி. (ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) கட்டாயம். வாயுக் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே ஏற்றி வளைத்துக் கொண்டுவாருங்கள். பம்பு நின்றதும் தண்ணீர் பின்னால் ஏறி ஜெனரேட்டருக்குள் புகுந்தால் மெஷின் போச்சு. சாதாரண ரப்பர் வாஷர் வெடித்துப் பொடிந்துவிடும்; டெஃப்லான், எஸ்.எஸ். 316 (துருப்பிடிக்காத எஃகு வகை) போடுங்கள்.

தொட்டி உச்சியில் சேரும் வாயுவை மாங்கனீஸ் டை ஆக்சைடு நிரப்பிய குப்பி வழியே வெளியே விடுங்கள். அறைக் காற்றில் 0.1 பி.பி.எம். தாண்டக் கூடாது. மூக்கை நம்பாதீர்கள், அந்த வாடை பழகிவிடும். மீட்டர் மாட்டுங்கள்.

மிச்ச ஓசோனை அளக்க, தொட்டியின் வெளிவாயிலிலேயே நீரைப் பிடித்து, நின்ற இடத்திலேயே இண்டிகோ முறையில் (ஓசோன் நீலச் சாயத்தை எவ்வளவு வெளுக்கிறது என்று அளப்பது) பாருங்கள். 20 டிகிரியிலேயே சுமார் 20 நிமிடத்தில் பாதி ஓசோன் சிதைந்துவிடும், நம் வெயிலில் இன்னும் சீக்கிரம். அதனால் குழாய்க்குள் பாதுகாப்புக்கு ஓசோன் உதவாது. ஃபில்டரைத் தாண்டியதும் குளோரின் சேருங்கள். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மி.கி. நிற்க வேண்டும்.