போர்க்கப்பலுக்கான தாழ் அதிர்வெண் வான்தேடு ரேடாரை வடிவமைத்தல்

அலைநீளத்தையும் ஆன்டெனாவின் அகலத்தையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். அலைநீளத்தை அகலத்தால் வகுத்து 70ஆல் பெருக்கினால் ரேடார் அனுப்பும் அலைக் கற்றையின் அகலம் ஏறத்தாழப் பாகைக் கணக்கில் கிடைக்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை பயன்படுத்திய எஸ்கே ரேடார் 200 மெகாஹெர்ட்ஸில் இயங்கியதால், சுமார் 5 மீட்டர் அகல ஆன்டெனா இருந்தும் கற்றை 20 பாகையை நெருங்கியது. பின்னாளில் வந்த எஸ்பிஎஸ்-49, 900 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்கி, 7.3 மீட்டர் ஆன்டெனாவால் அதை 3.3 பாகையாகக் குறைத்தது.

ரேடார் நொடிக்கு எத்தனை அலைத் துடிப்புகளை அனுப்புகிறது என்ற துடிப்பு வீதம் எளிய கணக்கு: நொடிக்கு 300 துடிப்புகள் என்றால், அடுத்த துடிப்பு கிளம்பும் முன் எதிரொலி திரும்பிவிடுவதால், 500 கிலோமீட்டர் வரை தொலைவில் குழப்பம் வராது.

உண்மையான சிக்கல் கடற்பரப்பில்தான் இருக்கிறது. நேரே செல்லும் அலையும் நீரில் பட்டுத் திரும்பும் அலையும் சில கோணங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். 200 மெகாஹெர்ட்ஸுக்குரிய 1.5 மீட்டர் அலைநீளத்தில், ஆன்டெனா 30 மீட்டர் உயரத்தில் இருந்தால், முதல் வலுவான மடல், அதாவது இரு அலைகளும் ஒன்றையொன்று வலுப்படுத்தும் கோணப் பகுதி, கிடைமட்டத்துக்கு மேல் 0.7 பாகையில் அமையும். அதற்கு வெகு கீழே தாழப் பறந்து வரும் விமானம் எளிதில் தப்பும். 1.4 பாகையில் மீண்டும் ஓர் இருட்டு இடைவெளி வரும். அந்தப் போர்க்காலத்தில், எதிரொலி மங்கி மறையும் தொலைவுகளைக் குறித்துவைத்தே விமானத்தின் உயரத்தை மதிப்பிட்டார்கள். என் மதிப்பில் அது மிக அழகான உத்தி. ஆன்டெனாவை உயர்த்தினால் மடல் கீழிறங்கும், ஆனால் பாய்மர உச்சியில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் கப்பலின் நிலைப்பைக் குறைக்கும் என்பதால், தாழப் பறப்பவற்றுக்கு, அலைநீளம் குறைந்து மடல் தானே கீழிறங்கும் உயர் அதிர்வெண் ரேடார் ஒன்றைத் தனியே பொருத்துவதே சரி.