காயலான் கடைக்குக் காரைத் தள்ளிவிடும் முன்

"பதினஞ்சு வருஷம் ஆயிடுச்சு, இனி ஓட்டக் கூடாதாம்" என்று வந்த விலைக்குக் காரைக் கொடுப்பவர்கள் வேலூர்ப் பக்கம் நிறைய. அது டெல்லி விதி. இங்கே சொந்த வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து, பசுமை வரி கட்டினால் இன்னும் 5 வருடத்துக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம். காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 15 வருடத்தில் கட்டாயமாக ஓரங்கட்டப்படுவது அரசு வண்டிகள்தான்.

சரி, வண்டி நிஜமாகவே ஓய்ந்துவிட்டது என்றால்? நேராகக் காயலான் கடை. அதுதான் பெரிய தவறு. கையில் காசு, பேப்பர் தொல்லை இல்லை. ஆனால் ஆர்.சி. (பதிவுச் சான்று) உங்கள் பெயரிலேயே கிடக்கும். அந்த நம்பர் பிளேட்டோ சேசிஸ் (அடிச்சட்ட) நம்பரோ வேறொரு வண்டியில் ஏறி, பெங்களூர் ஹைவேயில் யார் மீதாவது மோதினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றமும் 2018-ல் சொல்லிவிட்டது.

அரசு பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் விட்டால் சேசிஸ் நம்பர் உள்ள துண்டை வெட்டித் தனியே வைப்பார்கள். வண்டியை ஒப்படைத்ததற்கு ஒரு சான்றிதழ், உடைத்த பிறகு இன்னொன்று. முதல் சான்றிதழில்தான் காசு இருக்கிறது. அதைக் காட்டினால் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. சாலை வரியில் சொந்த வண்டிக்கு 25, வாடகை வண்டிக்கு 15 சதவீதம் 'வரை' சலுகை தர மத்திய விதி இடம் தருகிறது. எவ்வளவு என்பதை முடிவு செய்வது மாநிலம். ஷோரூம்காரர் வாய்க்கணக்கை நம்பாமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். கார் கம்பெனி தரும் தள்ளுபடி அவர்கள் விருப்பம், அதைச் சட்டம் என்று சண்டை போட முடியாது.

புது வண்டியைப் பதிவு செய்துவிட்டு அப்புறம் பழையதை உடைக்கப் போகிறவர்களும் உண்டு. சான்றிதழ் முன்னால் வரவேண்டும். நீங்கள் வாங்கவில்லை என்றால் அதை அடுத்தவருக்கு மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் ஒரே ஒரு தடவைதான் செல்லும். ஷோரூம் எக்ஸ்சேஞ்ச் வேறு கதை: வண்டியை அவர்கள் மறுபடி விற்பார்கள், இந்தச் சான்றிதழ் வராது. அங்கே பெயர் மாற்றம் முடியும்வரை விடாதீர்கள்.

கடனை எப்போதோ கட்டியிருப்பார்கள், ஆர்.சி.யில் பேங்க் பெயர் அப்படியே இருக்கும். பேங்கிடம் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லாச் சான்று) வாங்கி அதை முதலில் நீக்குங்கள். சித்தூர் பதிவு வண்டியா? அதற்காக ஆந்திராவுக்கு ஓட வேண்டாம், எந்த மாநில மையத்திலும் கொடுக்கலாம்.

இன்சூரன்ஸில் கிளைம் கேட்காத வருடங்களுக்குச் சேர்ந்த தள்ளுபடியை, அதாவது நோ கிளைம் போனஸை, அநேகமாக எல்லோரும் மறக்கிறார்கள். அதற்கான கடிதத்தை வாங்கி வைத்தால் 3 வருடத்துக்குள் எடுக்கும் புது காரின் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம்.