முதலில் மொட்டை மாடி, கடைசியில் சோலார்

பசுமைக் கட்டடம் என்றாலே சென்னை ஓ.எம்.ஆர். பக்கத்துக் கண்ணாடிக் கட்டடங்கள்தான் பலருக்கும் ஞாபகம் வரும். எங்கள் வீடு தண்டையார்பேட்டையில், 600 சதுர அடி. சித்திரை மாதம் ராத்திரி பத்து மணிக்குக்கூடச் சுவர் கொதிக்கும். நிம்மதியாகத் தூங்கினால் போதும் என்றுதான் வீட்டைப் பசுமையாக்கும் வேலையில் இறங்கினேன்.

முதலில் மொட்டை மாடிக்கு வெள்ளையடியுங்கள். தை மாதக் கடைசியில், தளம் நன்றாகக் காய்ந்த பிறகு, பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி விரிசல்களை அடையுங்கள். சுண்ணாம்பை முதல் நாளே ஊறவைத்து, வடிகட்டி, பெவிகால் கலந்து, குறுக்கும் நெடுக்குமாக மூன்று கோட். ஒரு கோட் காயாமல் அடுத்ததைத் தொடாதீர்கள். நானும் மகனுமே அடித்ததால் பொருள் செலவு மட்டும்தான், 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. மழையில் கரையும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். கூலிங் டைல்ஸ் பல வருஷம் நிற்கும். ஆனால் பழைய தளம் அந்த எடையைத் தாங்குமா என்று இன்ஜினியரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மத்தியான வெயிலில் வற்றலைத் திருப்பிப் போட வெறுங்காலோடு மாடி ஏறிய மாமியார், "ஏம்மா, கால் சுடவே இல்லையே, கண்ணுதான் கூசுது" என்றார்.

அடுத்தது ஃபேன். பழையது 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேன் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாத பில்லில் 32 யூனிட் குறையும். மூன்று ஃபேனுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்தே கட்டாயம். மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் குழி எங்கள் வீட்டிலும் இருந்தது. தோண்டிப் பார்த்தால் குழி முழுக்கக் கட்டட ரப்பிஷ்! அள்ளிக் கொட்டிவிட்டு ஜல்லி, மேலே ஆற்று மணல் என்று புதிதாக நிரப்பினோம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, 600 சதுர அடித் தளத்தில் விழுவது 78,000 லிட்டர். பெரிய தண்ணீர் லாரி ஆறு. கடலோரம் உப்புக் கரிக்கும் நம் போர்வெல்லுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. முதல் மழையை மட்டும் வெளியே திருப்பிவிடுங்கள். கரைந்த சுண்ணாம்பும் நம் ஊர்ப் புழுதியும் அதோடு போய்விடும்.

புதிதாகச் சுவர் எழுப்புகிறவர்கள் ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல் கேளுங்கள். அத்திப்பட்டுப் பக்கத்து அனல்மின் சாம்பலை மூச்சில் வாங்குவதற்குச் சுவரில் வைப்பது மேல்.

இதெல்லாம் முடிந்த பிறகு சோலார். மின் தேவை குறைந்திருப்பதால் சின்ன சிஸ்டமே போதும். 2 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 60,000 ரூபாய். உப்புக் காற்றுக்குச் சாதாரண இரும்பு தாங்காது. ஹாட் டிப் கால்வனைஸ் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த பூச்சு) செய்த ஸ்டாண்ட் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். இடம் சுமார் 200 சதுர அடி போகும். தெற்கு மூலையை விட்டுத் தரமாட்டேன் என்று மாமியார் இன்னும் பிடிவாதமாக இருக்கிறார், வற்றல் அங்கேதான் காயுமாம்.