பாயிண்ட் 22 ரைஃபிளை ஜீரோ செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாதம் எங்கள் கிளப்பின் 50 மீட்டர் வரிசையில், புதிதாக உரிமம் பெற்ற இளைஞர் ஒருவர் தம் பாயிண்ட் 22 (0.22 அங்குல விட்டக் குழல்) ரைஃபிளை ஜீரோ செய்துகொண்டிருந்ததை, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் (குறிபார்க்கும் தொலைநோக்கியை) சரிசெய்துகொண்டிருந்ததைப் பக்கத்து பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் அவர் கை ஸ்கோப்பின் குமிழுக்குப் போனது. மூன்று கிளிக் (குமிழின் ஒரு படி நகர்வு ஒரு கிளிக்) இடப்பக்கம், அடுத்து ஐந்து கிளிக் வலப்பக்கம், பிறகு இரண்டு மேலே, மறுபடி இரண்டு கீழே என்று 50 தோட்டாக்கள் கொண்ட பெட்டி முழுவதும் தீர்ந்தபோது, ஸ்கோப் ஏறக்குறையத் தொடங்கிய இடத்திலேயே நின்றது. பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்ததும் இதுவேதான் என்பதால்தான் இதை எழுதுகிறேன். ஸ்கோப் மவுண்டின் திருகுகளை இறுக்குவது, துப்பாக்கியை மணல் பையில் ஆடாமல் வைப்பது போன்றவற்றை எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே சொல்லிவிடுவார், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே ஓட்டையைப் பார்த்துக் குமிழைத் திருகுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பார்த்தவுடன் என்னை எரிச்சலூட்டும் தவறு இது. துப்பாக்கியை எவ்வளவு உறுதியாகப் பிடித்தாலும் பாயிண்ட் 22 தோட்டாக்கள் எல்லாம் ஒரே ஓட்டையில் போய் விழுவதில்லை. என் ரைஃபிளில் சாதாரணப் பயிற்சித் தோட்டாவால் 50 மீட்டரில் பத்து முறை சுட்டால், அந்தப் பத்தும் ஏறத்தாழ 25 மி.மீ. அகலத்துக்குள் பரவி விழும். அது அந்தத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உரிய இயல்பான சிதறல். கால் எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) குமிழின் ஒரு கிளிக் 50 மீட்டரில் குண்டு படும் இடத்தை நகர்த்துவது வெறும் 3.6 மி.மீ. மட்டுமே என்பதை இதனுடன் சேர்த்துப் பாருங்கள்.

முதல் குண்டு மையத்திலிருந்து 11 மி.மீ. வலப்பக்கம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஜீரோ பிழையா, இயல்பான சிதறலா என்பதை ஒரே ஓட்டையைக் கொண்டு யாராலும் சொல்ல முடியாது. சுடுபவர் அதைப் பிழை என்று நம்பி மூன்று கிளிக் இடப்பக்கம் திருகுகிறார். அடுத்த குண்டு, அவர் குமிழைத் தொடாமல் இருந்திருந்தால், சிதறலின் காரணமாக 8 மி.மீ. இடப்பக்கம் விழுந்திருக்கும், இப்போது 19 மி.மீ. இடப்பக்கம் போய் விழுகிறது. பதறிப்போய் ஐந்து கிளிக் வலப்பக்கம் திருப்புகிறார். ஒவ்வொரு குண்டின் விலகலையும் முழுமையாகத் திருத்திக்கொண்டே போனால், ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் சிதறலைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு சிதறல் உண்டாகும் என்பது எளிய புள்ளியியல் கணக்கு. திருத்துவதாக நினைத்துக்கொண்டு, நல்ல துப்பாக்கி ஒன்றை நாமே மோசமாக்குகிறோம்.

எனக்கு இது விளங்கியது ஒரு மாவட்டப் போட்டியில். முந்தைய நாள் மாலை மூன்றே குண்டுகளைச் சுட்டேன். மூன்றும் ஒரு பத்துப் பைசா நாணயத்துக்குள் அடங்கியதைப் பார்த்து, அந்தச் சிறு கூட்டத்தின் மையத்தை நம்பி சைட்டை (குறிபார்க்கும் கருவியை) திருத்தி வைத்துவிட்டேன். மூன்று குண்டுகள் நெருக்கமாக விழுவது தற்செயலாகவும் நிகழும். மறுநாள் தயாரிப்புக்கும் சோதனைச் சுடுதலுக்கும் கொடுத்த 15 நிமிடங்களில், எல்லாம் வலப்பக்கம் விழுவதைக் கண்டு ஒவ்வொரு ஓட்டையாகத் துரத்தத் தொடங்கினேன். போட்டித் தொடர் ஆரம்பித்தபோது என் சைட் எங்கே நிற்கிறது என்பது எனக்கே தெரியவில்லை. 50 மீட்டர் டார்கெட்டில் பத்தாவது வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. மட்டுமே, முதல் தொடரின் பத்துக் குண்டுகளில் ஏழு அதற்கு வெளியே போயின. ஓராண்டுப் பயிற்சி இப்படிப் போனதைவிட, வெளிநாட்டிலிருந்து வந்த, அரிதாகவே கிடைக்கும் போட்டித் தோட்டாக்களில் இரண்டு பெட்டி வீணானதுதான் இன்றும் மனத்தை உறுத்துகிறது. நம் நாட்டில் வாங்கக்கூடிய தோட்டாக்களின் எண்ணிக்கையே உரிமத்தில் வரையறுக்கப்பட்டிருக்கும்போது, குமிழைத் துரத்துவதற்காக ஒரு பெட்டியைச் செலவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். குண்டு டார்கெட் தாளில் விழுகிறதா என்பதை அறிய 25 மீட்டரில் மூன்று குண்டுகள். தேவையானால் ஒரு தோராயத் திருத்தம். பிறகு 50 மீட்டருக்குப் போய், குமிழைத் தொடாமல், பத்துக் குண்டுகள். தாளை இறக்கி, ஒவ்வொரு ஓட்டையும் மையத்திலிருந்து எத்தனை மி.மீ. பக்கவாட்டில், எத்தனை மி.மீ. மேலே அல்லது கீழே என்று அளவுகோலால் அளந்து பென்சிலால் எழுதி, சராசரி எடுக்கிறேன். அந்தச் சராசரியை மட்டுமே கிளிக்குகளாக மாற்றுகிறேன். மீண்டும் பத்து. தனியே விலகிப் போன ஒரு ஓட்டையைக் கணக்கிலிருந்து நீக்குவதற்கு ஒரே நிபந்தனை உண்டு: விசையை இழுத்த கணத்திலேயே, தாளைப் பார்ப்பதற்கு முன்பே, அது தவறிவிட்டது என்று நான் உணர்ந்திருக்க வேண்டும்.

25 மீட்டரில் முடித்துக்கொண்டு தூரத்துக்குப் போவது

துப்பாக்கிக் குழலின் மையத்திலிருந்து ஏறத்தாழ 4 செ.மீ. உயரத்தில் ஸ்கோப் இருக்கிறது. குண்டு கீழிருந்து புறப்பட்டுப் பார்வைக் கோட்டைக் கடந்து மேலேறி, பிறகு மறுபடியும் அதைக் கடந்து கீழிறங்குகிறது. நொடிக்கு 325 மீட்டர் வேகத்தில் புறப்படும் சாதாரண வேகத் தோட்டாவை 50 மீட்டரில் ஜீரோ செய்தால், 25 மீட்டரில் அது ஒரு செ.மீ.க்குச் சற்று மேலாகவும், 100 மீட்டரில் 20 செ.மீ.க்கும் கூடுதலாகக் கீழாகவும் படும். 25 மீட்டரில் ஜீரோ செய்த துப்பாக்கியோ 50 மீட்டரிலேயே இரண்டு செ.மீ.க்கும் கூடுதலாகக் கீழே போகும். அருகில் கண்ணுக்குப் படாத 5 மி.மீ. பக்கவாட்டுப் பிழை 100 மீட்டரில் 2 செ.மீ. ஆகும் என்பதையும் மறக்கக் கூடாது. தோட்டாப் பெட்டியின் மேல் அச்சிட்ட அட்டவணை தொடங்குவதற்கு மட்டுமே உதவும். எந்தத் தூரத்தில் சுடப்போகிறோமோ அந்தத் தூரத்தில் தாளை வைத்துப் பத்துக் குண்டுகள் சுட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

பயிற்சிப் பெட்டியில் ஜீரோ, போட்டிப் பெட்டியில் சுடுதல்

இரண்டும் 40 கிரெய்ன் (ஏறத்தாழ 2.6 கிராம்) குண்டாகவே இருந்தாலும் படும் இடம் வேறுபடும். ஒரே நிறுவனத்தின் ஒரே ரகத்தில்கூட லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பதைக் காட்டும் எண்) மாறினால் மையம் நகர்வதைப் பார்த்திருக்கிறேன். பாயிண்ட் 22 குண்டின் மேல் பூசியிருக்கும் மெழுகு குழலின் உட்புறத்தில் படிந்திருக்கும். ரகம் மாற்றினாலோ, குழலைச் சுத்தம் செய்தாலோ, புதிய பூச்சு படியும் வரை முதல் சில குண்டுகள் திசை தவறும். ஆகவே பத்துக் குண்டுகளைச் சுட்டுவிட்டு, அதன் பிறகே அளக்கத் தொடங்குங்கள்.

காற்று வீசும்போது பக்கவாட்டுக் குமிழைத் தொடுவது

குறுக்கே வீசும் காற்று 50 மீட்டரில் குண்டை நகர்த்தும் அளவு, 100 மீட்டரில் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை. நான்கு மடங்கை நெருங்குகிறது. காற்றோடு சேர்த்து ஜீரோ செய்துவிட்டால், காற்று அடங்கிய மறுகணமே அந்த ஜீரோ பொய்யாகிவிடும். வேகம் கூடிய தோட்டாவைக் காற்று குறைவாகவே தள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். பாயிண்ட் 22-இல் நடப்பது இதற்கு நேர்மாறு: ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்படும் குண்டு, அந்த எல்லையைக் கடந்து இறங்கும்போது காற்றுத் தடையால் வேகத்தைப் பெரிதும் இழக்கிறது, அதனால் சாதாரண வேகக் குண்டைவிடக் கூடுதலாகவே நகர்கிறது. இங்கே காலை ஏழு மணிக்குக் காற்று காட்டும் கொடிகள் தொங்கிக் கிடக்கும் அரை மணி நேரமே ஜீரோவுக்கு உகந்த நேரம்.

சாய்ந்து நிற்கும் ஸ்கோப்

50 மீட்டரில் இந்தப் பிழை கண்ணுக்கே தெரியாது. 100 மீட்டருக்காக உயரக் குமிழை 30 கிளிக்குக்கு மேல் ஏற்றும்போதுதான் வெளிப்படும்: வெறும் 5 டிகிரி சாய்வே குண்டை 2 செ.மீ. பக்கவாட்டில் கொண்டுபோய்விடும். தூரத்தில் ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டு, ஸ்கோப்பின் செங்குத்துக் கோடு அதோடு ஒன்றுகிறதா என்று பாருங்கள்.

பாரலாக்ஸ்

100 கெஜத்துக்கு நிலைப்படுத்திய ஸ்கோப்பை 25 மீட்டரில் வைத்துச் சுடும்போது, கண் நகர்ந்தால் குறியும் நகரும், இதுவே பாரலாக்ஸ்.

குறித்து வைக்காமல் போவது

ஜீரோ முடிந்ததும் குமிழின் வளையத்தைத் தளர்த்தி 0-வில் நிறுத்துங்கள். பிறகு தூரம், தோட்டா ரகம், லாட் எண், தேதி, நேரம், கிளிக் ஆகிய ஆறையும் அந்த இடத்திலேயே எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டது எதுவும் சரியாக நினைவில் நின்றதில்லை. என் குறிப்பேட்டில் இப்போதைய லாட்டுக்கு உரிய பக்கத்தில் இப்படி இருக்கிறது: 25 மீட்டர், 7 கிளிக் கீழே, 50 மீட்டர், 0, 75 மீட்டர், 15 மேலே, 100 மீட்டர், 32 மேலே. இந்த எண்கள் என் ரைஃபிளுக்கு மட்டுமே உரியவை. லாட் மாறும் நாளில் நானும் இவற்றை அடித்துவிட்டு, 50 மீட்டரில் பத்துக் குண்டுகளிலிருந்து மீண்டும் தொடங்குவேன்.